கப்பல் பயணத்துக்குத் தயங்கும் கணவர், மனைவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் "க்ரூஸ் போகலாமா?" என்ற பேச்சை நான் எடுத்தது 2019-இல். என் வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டியது 2022 தீபாவளி கழிந்த பிறகு. 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குப் போய்த் திரும்பும் மூன்று இரவுப் பயணம் போனோம். அதற்குப் பின் இன்னும் இரண்டு முறை போயாகிவிட்டது. இரண்டாவது பயணத்துக்கு டிக்கெட் போட்டவரே அவர்தான்.

அன்றிலிருந்து உறவுக்காரர்கள், அடுக்கக சிநேகிதிகள், என்னோடு பள்ளியில் வேலை பார்த்த ஆசிரியைகள் என்று பலரும் போனில் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். "எனக்கு ஆசை, அவர் வர மாட்டேங்கிறார்" அல்லது "எனக்கு ஆசை, அவள் பயப்படுகிறாள்." ஒவ்வொருவருக்கும் நான் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கப்பல் என்று சொன்னதுமே என் கணவர் பேச்சை மாற்றிவிடுகிறார். எங்கிருந்து தொடங்குவது?

அவர் சொல்லும் காரணமும் மனசுக்குள் இருக்கும் காரணமும் ஒன்றுதானா என்று பாருங்கள். பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும்.

எங்கள் வீட்டில் முதலில் வந்த காரணம் காசு. "தண்ணியில மிதக்கிறதுக்கு எதுக்குங்க லட்ச ரூபாய்?" என்றார். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அடுத்து சாப்பாடு சரியிருக்காது என்றார். மெனு கார்டைக் காட்டினேன். பிறகு முட்டி வலி, அதன் பிறகு பேத்தியின் பரீட்சை. ஒன்றுக்குப் பதில் சொன்னால் இன்னொன்று முளைத்தது. மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

அவருடைய சொந்த ஊர் நாகப்பட்டினம். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று நாங்கள் சென்னையில் இருந்தோம். அக்கரைப்பேட்டையில் அவரோடு சேர்ந்து படித்த மூன்று பேர் அன்று காலை போய்விட்டார்கள். மறுநாளே ஊருக்குப் போனவர் பத்து நாள் கழித்துத்தான் திரும்பினார். அங்கே என்ன பார்த்தார் என்று என்னிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. மெரினாவுக்குப் போனால்கூட சாலையோரத்திலேயே நின்றுகொள்வார். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் "காசு" என்று அவர் சொன்னபோது காசுக்குப் பதில் சொன்னேனே ஒழிய இதை யோசிக்கவில்லை. ஒருநாள் ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு, "கடலை நினைச்சா பயமா இருக்காங்க?" என்று நேராகக் கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து "ஆமா" என்றார். அந்த ஒரு சொல் வந்த பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கியது.

ஆகவே கப்பல் படங்களையும் வீடியோக்களையும் முதலில் காட்டாதீர்கள். நீங்கள் ஆசையாக ஒரு படம் காட்டுவீர்கள். பயப்படுகிறவருக்கு அதில் தண்ணீர் மட்டும்தான் தெரியும். சண்டையில்லாத, அவசரமில்லாத ஒரு நேரம் பார்த்து "எது உங்களுக்கு நெருடுது?" என்று கேளுங்கள். பதில் வர நாளாகலாம். காத்திருங்கள்.

நடுக்கடலில் சுனாமி வந்தால் என்ன ஆகும்?

என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வியே இதுதான். அதனால் இதைத் தேடிப் படித்தேன்.

ஆழ்கடலில் சுனாமி அலை உயரமாக எழும்பாது. 2004-இல் நிலநடுக்கம் நடந்து சுமார் இரண்டு மணி நேரம் கழித்து, ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்துபோனது. திறந்த கடலில் அந்த அலையின் உயரம் 60 சென்டிமீட்டர் அளவுதான் என்று அது பதிவு செய்தது. அந்த உயரமும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியிருக்கும் என்பதால் மேலே மிதக்கும் கப்பலுக்கு அது தெரியவே தெரியாது. கரை நெருங்கி ஆழம் குறையும்போதுதான் அந்த அலை வேகம் குறைந்து, உயர்ந்து, அழிக்கிறது.

இதை அவரிடம் சொன்னபோது அவருக்கே ஒன்று ஞாபகம் வந்தது. அன்று காலை ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை, கரைக்குத் திரும்பிய பிறகுதான் ஊர் போனதைப் பார்த்தார்கள் என்று அவர் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். இத்தனை வருஷமாகக் கேட்டு வந்த விஷயத்துக்கு அன்றுதான் விளக்கம் கிடைத்தது அவருக்கு. பயம் அன்றே போய்விடவில்லை. ஆனால் "இன்னும் என்ன படிச்ச, சொல்லு" என்று கேட்டார்.

புயல் வேறு விஷயம். அது முன்கூட்டியே தெரியும். கப்பல் பாதையை மாற்றும், ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டு வேறு இடம் போகும். வங்காள விரிகுடாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பயப்படுகிறவரை அந்த மாதங்களில் சென்னையிலிருந்து கப்பலேற்றாதீர்கள். மலாக்கா நீரிணை ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாய்த் தீபகற்பம் என்று இரண்டு கரைகளுக்கு நடுவே இருப்பது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் புயல் உருவாவதும் அபூர்வம். முதல் பயணத்துக்கு நான் அந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே முதல் காரணம்.

டைட்டானிக் மாதிரி ஆகிவிட்டால் என்கிறாள் மனைவி. என்ன பதில் சொல்ல?

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். பயப்படுகிறவருக்கு அது பதிலே இல்லை. நடந்ததைச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு என்ன மாறியது என்பதையும் சொல்லுங்கள்.

1912-இல் டைட்டானிக்கில் ஏறத்தாழ 2,200 பேர் இருந்தார்கள்; உயிர்காப்புப் படகுகளில் இடம் 1,178 பேருக்கு. அந்தக் கொடுமைக்குப் பிறகு 1914-இல் உருவானதுதான் கடல் பயணப் பாதுகாப்புக்கான சோலாஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தம். பலமுறை திருத்தப்பட்டு இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது. அதன்படி இன்றைய பயணிகள் கப்பல்களில் படகுகளும் மிதவைகளும் சேர்ந்து, கப்பலில் இருக்கும் அத்தனை பேருக்கும் இடம் தந்து, அதற்கு மேலும் மிச்சம் இருக்கும்படி வைத்திருக்க வேண்டும்.

2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் கப்பலேறிய பல பயணிகளுக்கு ஆபத்துக்காலப் பயிற்சி இன்னும் தரப்படவில்லை என்பது அப்போது தெரியவந்தது. 2015 முதல், புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ அந்தப் பயிற்சியை நடத்தியே ஆக வேண்டும் என்று விதி வந்துவிட்டது.

அந்தப் பயிற்சியை உங்கள் கணவரோ மனைவியோ முழுக் கவனத்தோடு பார்க்கட்டும். ஏழு குட்டைச் சங்கொலி, பிறகு ஒரு நீளச் சங்கொலி. அதுதான் அபாய அறிவிப்பு. உங்கள் அட்டையில் எந்த இடத்தில் கூட வேண்டும் என்று ஓர் எழுத்தோ எண்ணோ இருக்கும். என் வீட்டுக்காரர் பயிற்சி முடிந்த பிறகு எங்கள் அறையிலிருந்து அந்த இடம் வரைக்கும் இரண்டு முறை நடந்து பார்த்தார், படிகளை எண்ணிக்கொண்டே. நான் கூடவே நடந்தேன். வழி தெரிந்துவிட்டது என்ற பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. இதற்கு அரை மணி நேரம் செலவானாலும் சரி, மேலே பஃபே ஓடிப்போகாது.

பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுப்பவர். கப்பல் ஒத்துக்கொள்ளுமா?

ஒத்துக்கொள்ளலாம். பெரிய கப்பலின் ஆட்டம் பஸ்ஸின் குலுக்கல் மாதிரி இருக்காது. மெதுவான, நீண்ட அசைவு. தண்ணீருக்கு அடியில் கப்பலின் இரண்டு பக்கமும் மீனின் துடுப்பு போல இறக்கைகள் நீண்டிருக்கும். கப்பல் பக்கவாட்டில் உருளுவதை அவை பெருமளவு தடுக்கும். முன்னும் பின்னுமாகத் தூக்கிப் போடுவதை அவற்றால் தடுக்க முடியாது. அதனால்தான் அறை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள்: ஓரத்தில் இருப்பவர் ஏறி இறங்குவார், நடுவில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஒன்றில் அறை கேளுங்கள்.

குமட்டல் வருவது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "அசைகிறோம்" என்றும், கண் "அசையவில்லை" என்றும் மூளைக்கு வேறு வேறு செய்தி அனுப்புவதால். அதனால் தலை சுற்றும்போது அறைக்குள் படுத்து செல்போன் பார்த்தால் இன்னும் மோசமாகும். வெளித்தளத்துக்குக் கூட்டிப் போய் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றுப் பட்டாலே பாதி சரியாகிவிடும்.

மாத்திரை விஷயத்தில் ஒன்று. அவோமின் போன்ற மாத்திரைகளை வாந்தி வந்த பிறகு போட்டுப் பெரிய பயனில்லை. கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், வாய் உலரும். கண்ணில் கிளாக்கோமா, புராஸ்டேட் தொந்தரவு இருப்பவர்கள், வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் கண்டிப்பாகத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நான் இஞ்சி மிட்டாயும் எலுமிச்சம்பழ ஊறுகாய்ப் பாக்கெட்டும் கைப்பையில் வைத்திருந்தேன். வெறும் வயிற்றோடு இருக்க விடாதீர்கள்; அது குமட்டலைக் கூட்டும்.

எங்கள் பயணத்தில் என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் ராத்திரி தலை சுற்றிப் படுத்தது நான்தான். தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லி என்னை வெளியே கூட்டிப் போனது அவர்.

முதல் பயணம் சென்னையிலிருந்தா, சிங்கப்பூரிலிருந்தா?

சென்னையிலிருந்து கார்டீலியா என்ற கம்பெனியின் எம்ப்ரஸ் கப்பல் சில பருவங்களில் கிளம்புகிறது. 2023 ஜூனில் அது சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் போகத் தொடங்கியபோது எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் ஏறினார்கள். விமானச் செலவு இல்லை, சாப்பாடு நம் நாக்குக்குப் பழகியது, சுற்றிலும் நம் ஊர் ஆட்கள். உள்நாட்டுப் பயணம் என்றால் பாஸ்போர்ட்டும் வேண்டாம். முதல்முறை செலவை அடக்கிப் போக நினைப்பவர்களுக்கு இது நல்ல வழி.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். எம்ப்ரஸ் 1990-இல் கட்டியது. கப்பலின் பருமனைச் சொல்லும் கிராஸ் டன் கணக்கில் 48,000 சொச்சம். சிங்கப்பூரிலிருந்து ஓடும் ஜெண்டிங் ட்ரீம் 2016-இல் வந்தது. கணக்கு 1,50,000-க்குப் பக்கம். சிறிய கப்பல் அலையை அதிகம் உணரும். சென்னையை விட்டு வெளியே வந்ததுமே திறந்த வங்காள விரிகுடா. ஆட்டத்துக்குப் பயப்படுகிறவர் என்றால் காசு கூடினாலும் சிங்கப்பூர் என்பதே என் கருத்து. செலவுக்குத் தயங்குகிறவர் என்றால் சென்னை.

இரண்டோ மூன்றோ இரவு போதும். முதல் தடவையே ஏழு இரவு வேண்டாம்.

உண்மையில் எவ்வளவு செலவாகும்? "எல்லாம் உள்ளடக்கம்" என்கிறார்களே?

எங்கள் இரண்டு பேருக்கும் சென்னை–சிங்கப்பூர் விமானம், விசா, கப்பல், சிங்கப்பூரில் ஒரு இரவு ஓட்டல் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. விலை பருவத்துக்குப் பருவம் மாறும். பள்ளி விடுமுறையில் தூக்கலாக இருக்கும்.

கட்டணத்தில் அறை, பெரிய சாப்பாட்டு ஹாலிலும் பஃபேயிலும் சாப்பாடு, நீச்சல் குளம், மேடை நிகழ்ச்சிகள் அடங்கும். அடங்காதவற்றை இப்போதே கணவரிடமோ மனைவியிடமோ சொல்லிவிடுங்கள்: துறைமுக வரி, தலைக்கு இத்தனை என்று தினமும் சேரும் டிப்ஸ் (அமெரிக்கக் கம்பெனிகளில் நாளொன்றுக்கு 15 முதல் 20 டாலர் வரை), வைஃபை, குளிர்பானங்கள், தனி உணவகங்கள், கரையில் சுற்றிக் காட்டும் டூர்கள். கப்பலுக்குள் ரொக்கம் நடக்காது; அறைச் சாவி அட்டையைத்தான் எங்கும் நீட்ட வேண்டும். எல்லாம் கடைசி நாள் பில்லில் வரும். காசுக்குத் தயங்கியவர் அந்த பில்லைப் பார்த்து அதிர்ந்தால் அடுத்த பயணம் கிடையாது. தினமும் ஒருமுறை கவுன்டரிலோ டிவியிலோ கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் நான் பட்டது ஒன்று உண்டு. துறைமுகத்தை விட்டு வந்ததும் என் செல்போன் தானாகவே கப்பலின் சாட்டிலைட் சிக்னலைப் பிடித்துக்கொண்டது. மகளிடம் நாலு நிமிஷம் பேசினேன். நான் வாங்கியிருந்த ரோமிங் பேக் கடலில் செல்லாது என்று யாரும் சொல்லவில்லை. ஊருக்கு வந்ததும் ஆயிரக்கணக்கில் பில். கப்பல் கிளம்பும்போதே போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். வைஃபை வாங்கினால் அதில் வாட்ஸ்அப் போதும்.

எந்த அறை எடுப்பது? ஜன்னல் இல்லாதது மலிவாக இருக்கிறதே.

பயப்படுகிறவரோடு போகும்போது ஜன்னல் இல்லாத உள்ளறை வேண்டாம். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. பகலா இரவா தெரியாது. ஆட்டம் மட்டும் தெரியும், கண்ணுக்குப் பிடிமானம் இருக்காது. ஒரு இரவைக் குறைத்தாவது பால்கனி அறை எடுங்கள். முடியாவிட்டால் ஜன்னல் அறை.

பால்கனி என்றால் கடல் கிட்டத்தில் இருக்குமே என்று என் வீட்டுக்காரர் முதலில் மறுத்தார். "கதவைத் திறக்கவே வேண்டாம், திரையைப் போட்டே வச்சுக்கலாம்" என்று சொல்லித்தான் எடுத்தேன். அப்படியே இருந்தோம், முதல் நாள் ராத்திரி வரைக்கும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? என் மனைவி வெளியில் எதையும் தொட மாட்டாள்.

சிங்கப்பூர்க் கப்பல்களில் இந்தியர்கள் நிறைய ஏறுகிறார்கள், அதனால் இந்திய சைவம் கிடைக்கும். வெங்காயம், பூண்டு இல்லாத ஜைன சாப்பாடும் பல கப்பல்களில் தருகிறார்கள். புக் செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். ஏறியதும் சாப்பாட்டு ஹாலின் பொறுப்பாளரிடம் இன்னொரு முறை சொல்லுங்கள். எங்களுக்குப் பரிமாறியவரிடம் தயிர் கேட்டேன். அடுத்த வேளையிலிருந்து வெள்ளைச் சாதத்தோடு ஒரு கிண்ணம் தயிர் கேட்காமலே வந்தது.

இட்லி கிடைக்கும், ஆனால் நம் வீட்டு இட்லியாக இருக்காது. பருப்புப் பொடி, ஊறுகாய் எடுத்துப் போகலாம். மின்சாரக் கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி எடுத்துப் போனால் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். தீ விபத்துப் பயம்.

பஃபேக்குள் நுழையும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்வார்கள். கப்பல்களில் பரவும் நோரோ வைரஸ் வயிற்றுப்போக்குக்கு சானிடைசர் அவ்வளவாகக் கேட்காது, சோப்பும் தண்ணீரும்தான்.

குடி, சூதாட்டம், நீச்சல் உடை என்று என் மனைவி கூசுகிறாள்.

மூன்றும் இருக்கும். இல்லை என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். காசினோ ஒரு தளத்தில் ஒரு மூலையில் இருக்கும், அதைக் கடக்காமலே எங்கும் போகலாம். நீச்சல் குளத்தருகே போகாமலும் இருக்கலாம். உடை விஷயத்தில் அவர்களுக்குச் சொல்லுங்கள்: நான் மூன்று நாளும் புடவைதான். ஒரு மாலை எல்லாரும் நன்றாக உடுத்தி வரும் விருந்து வைத்தார்கள். மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டர் போட்ட காஞ்சிப் பட்டு கட்டிப் போனேன். அன்று ஹாலில் என்னிடம் வந்து புடவையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டவர்கள் நாலைந்து பேர்.

பெண்கள் தயங்குவதற்கு இன்னொரு காரணம் நான் அடிக்கடி கேட்கிறேன், அதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். "நான் போய்ட்டா வீட்டை யார் பாக்கிறது?" மாமியாருக்கு வேளாவேளைக்கு மாத்திரை, பிள்ளைக்கு டிபன் பாக்ஸ். இதற்குக் கப்பலைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பயனில்லை. மூன்று நாளைக்கு யார் சமைப்பார், யார் மாத்திரை கொடுப்பார் என்று கணவராகிய நீங்களே ஏற்பாடு செய்து, எழுதி, அவர் கையில் கொடுங்கள். அவர் சம்மதிப்பது அங்கேதான் இருக்கிறது.

சர்க்கரை, ரத்த அழுத்தம், முட்டி வலி இருக்கிறது. போகலாமா?

பெரும்பாலானவர்கள் போகலாம், உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு. கப்பலில் மருத்துவர் இருப்பார், கட்டணம் அதிகம். ஆகவே மருத்துவ உதவியோடு அவசரமாக ஊருக்குக் கொண்டுவரும் செலவையும் ஏற்கும் டிராவல் இன்சூரன்ஸ் எடுக்காமல் ஏறாதீர்கள். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். ஏறும்போது கொடுத்த பெட்டி அறைக்கு வரச் சில மணி நேரமாகும். முட்டி வலிக்காரர்கள் லிஃப்டுக்குப் பக்கத்தில் அறை கேட்கலாம்.

கர்ப்பமான பெண்களைப் பெரும்பாலான கம்பெனிகள் 24 வாரத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளையும் அப்படியே.

விசா?

சிங்கப்பூரில் ஏறி சிங்கப்பூரிலேயே இறங்கினால் அந்த நாட்டுக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். அதனால் பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். சிங்கப்பூரின் வருகைப் படிவத்தையும் கப்பலிலிருந்து திரும்பும்போது மறுபடி நிரப்ப வேண்டும். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா கேட்பதில்லை. விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் போடும் வாரத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்ல வேண்டும்.

சொல்லாமல் டிக்கெட் போட்டு, சர்ப்ரைஸாக அழைத்துப் போய்விட்டால்?

தயவுசெய்து வேண்டாம். எனக்கு நெருங்கிய உறவில் ஒருவர் கல்யாண நாளுக்கு இப்படிச் செய்தார். "சிங்கப்பூர் போறோம்" என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போய்த் துறைமுகத்தில் வைத்துச் சொன்னார். அந்தப் பெண் தண்ணீர் என்றால் நடுங்குபவள். ஏறினாள், ஏனென்றால் பணம் திரும்பி வராது. இரண்டு நாளும் திரையைப் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே கிடந்தாள். விஷயம் எனக்குத் தெரிந்தபோது அவளுக்காக அழுதேன். பயத்தை மதிக்காமல் ஒருவரைக் கடலுக்கு நடுவே கொண்டுபோய் வைப்பது அன்பாகாது. அங்கே இறங்கிப் போகக்கூட வழியில்லை.

மாறாக, தேதி, அறை, பாதை எல்லாவற்றையும் தயங்குகிறவர் கையில் கொடுங்கள். எந்தத் தேதி வரை ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று சேர்ந்து படியுங்கள். "இந்தத் தேதிக்குள்ள வேண்டாம்னு தோணினா விட்டுடலாம்" என்று சொல்லி வையுங்கள், சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் தயாராக இருங்கள். வெளியேறும் வழி தெரிந்தவர்தான் உள்ளே நுழையத் துணிவார்.

நாள் பூராவும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தால் போரடிக்காதா?

நிகழ்ச்சிகள் நிறைய உண்டு. கப்பலில் தினமும் தரும் பட்டியலைப் பார்த்து வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் தரதரவென்று இழுத்துக்கொண்டு அலையாதீர்கள்.

என் வீட்டுக்காரருக்குப் பிடித்தது அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டாம் நாள் விடிகாலை ஐந்து மணி இருக்கும், கண் விழித்தேன். பால்கனிக் கதவு திறந்திருந்தது. வெளியே நாற்காலியில், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருட்டில் தூரத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் புள்ளிப் புள்ளியாய் வெளிச்சம். "வலை போட்டிருக்காங்க. அந்த ரெண்டு விளக்குக்கும் நடுவுல கிடக்கும் பாரு" என்றார். எந்தப் படகு வலையை இழுக்கிறது, எது காத்திருக்கிறது என்று விடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவர் கடலைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பினாங்கில் இறங்கினால் என்ன பார்ப்பது?

இதைக் கேட்காவிட்டாலும் நான் சொல்வேன், ஏனென்றால் என் வீட்டுக்காரரை இறுதியில் சம்மதிக்க வைத்தது பினாங்குதான்.

ஊர் வீட்டுப் பரணில் ஒரு பச்சை டிரங்குப் பெட்டி உண்டு. மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் அவருடைய தாத்தா பெயரும், கீழே "பினாங்" என்றும் எழுதியிருக்கும். தாத்தா அங்கே ஒரு மளிகைக் கடையில் கணக்குப் பார்த்தவர். நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பலேறிப் போனவர். 1926-இல் ஓடத் தொடங்கிய அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு நம் ஆட்களை ஏற்றிப்போய் ஏற்றி வந்தது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்களே அதிகம். அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது, 1985-இல் தீ விபத்துக்குப் பின் அதுவும் நின்றது. "தாத்தா போன ஊருக்கு, தாத்தா போன கடல்ல போலாங்க" என்று நான் சொன்னது 2022 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அந்தப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருக்கையில். மூன்று நாள் கழித்துச் சரி என்றார். உங்கள் வீட்டிலும் தயங்குகிறவருக்கென்று இப்படி ஒரு ஊர், ஒரு கோயில், ஒரு உறவு இருக்கும். கப்பலின் பெருமையை விட்டுவிட்டு, அது போய்ச் சேரும் இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கிப் பாருங்கள்.

கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனை ஒட்டியே இருக்கிறது. டூர் வாங்கத் தேவையில்லை, நடந்தே போகலாம். வெளியே வந்ததும் விக்டோரியா ராணியின் ஆட்சிக்கு வருஷத்துக்கு ஒரு அடி என்று 60 அடி உயரத்தில் கட்டிய மணிக்கூண்டு. அங்கிருந்து கால் மணி நேரத்துக்குள் லிட்டில் இந்தியா. பூக்கடை, பாத்திரக்கடை, தமிழில் பெயர்ப்பலகைகள். குவீன் தெருவில் 1833-இல் எழும்பிய மகாமாரியம்மன் கோயில். அங்கே அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது என் வீட்டுக்காரர் தாத்தா பெயரையும் சொன்னார்.

கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தைக் கப்பல் கடிகாரப்படி குறித்துக்கொள்ளுங்கள், போனில் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். ஒரு மணி நேரம் முன்பாகவே வந்துவிடுங்கள். தாமதமாக வருகிறவர்களுக்காகக் கப்பல் நிற்காது.

எல்லாம் செய்து, போய் வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால்?

பிடிக்கவில்லை என்று ஏற்றுக்கொள்ளுங்கள். "இவ்வளவு செலவு பண்ணி..." என்று ஆரம்பிக்காதீர்கள். கேட்டதற்காக வந்தார், மூன்று இரவு இருந்து பார்த்தார். அதுவே பெரிய விஷயம்.

என் அக்காவின் கணவருக்குப் பிடிக்கவில்லை. கப்பலில் இருந்த மூன்று நாளும் அக்காவிடம் ஒரு குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு "எனக்கு இது வேண்டாம்மா, நீ போ" என்றார். போன வருஷம் அக்கா எங்கள் இருவரோடு வந்தாள். அந்த வாரம் அத்திம்பேர் கும்பகோணத்தில் அறை எடுத்து நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதும் பார்த்தார். இரவானால் இருவரும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொண்டார்கள்: இவள் கடலில் சூரியன் மறைவதை, அவர் திருநள்ளாற்றுக் கோபுரத்தை.